அலுமாரிப் பீங்கானும் பொதுச் சஹனும்

கல்முனைக் கரையோர ஊர்களில் பழைய பித்தளை, வெண்கலப் பாத்திரங்களை வாங்க வருவோரை நாம் நெடுநாளாக அறிவோம். அவர்கள் தராசோடு வருவார்கள், எடைக்கு விலை பேசுவார்கள், போய்விடுவார்கள். சில ஆண்டுகளாக வேறொரு வகை வியாபாரி வரத் தொடங்கியிருக்கிறார். அவர் கையில் தராசு இல்லை. "பழைய சஹன் இருக்குதா? நீலப் பூப்போட்ட பீங்கான் இருக்குதா? மூத்தம்மா காலத்துச் சாடி ஏதும் கிடக்குதா?" என்று வீடு வீடாக விசாரிக்கிறார். எடுத்துக் காட்டினால் முதலில் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்க்கிறார். பின்னர் விரல் நுனியால் விளிம்பைத் தடவுகிறார். அதன் பின்னரே விலை பேசுகிறார்.

என் அயல் வீடொன்றில் இவ்வாறு இரண்டு சஹன்கள் விலைப்பட்டன. அவ்வீட்டுத் தாய் பல ஆண்டுகள் மத்திய கிழக்கிலே வீட்டுப் பணிப்பெண்ணாக உழைத்தவர். மகளுக்குச் சீதன வீடு கட்டி முடித்தாயிற்று. ஆனால் வீடு மட்டும் போதுமா? முன்மண்டபத்திலே கண்ணாடி அலுமாரி வேண்டும். அலுமாரி நிறையப் பீங்கான் வேண்டும். சஹன்கள் விற்ற காசு, பொன் விளிம்பிட்ட புதிய கோப்பைத் தொகுதி ஒன்றை வாங்க ஓரளவு உதவியது. குடிபுகுந்த நாளில் நானும் போயிருந்தேன். புதிய கோப்பைகள் வரிசையாக அலுமாரிக்குள் இருந்தன, அலுமாரி பூட்டப்பட்டிருந்தது. எங்களுக்குத் தேநீர் வேறு கோப்பைகளில் வந்தது. பிறர் வீட்டுக் கோப்பைகளை ஆண்டுக்கணக்காகக் கழுவிய ஒரு பெண், தன் வீட்டிலே எவரும் வாய்வைக்காத கோப்பைகளை வாங்கிப் பூட்டி வைத்திருந்தார்.

இந்தச் சிறு நிகழ்ச்சியில் இரண்டு அலுமாரிகள் சம்பந்தப்பட்டுள்ளன. ஒன்று, நம் ஊர் மண்டபத்தில் இருப்பது. மற்றது, அந்தச் சஹன்கள் கைமாறிக் கைமாறிப் போய்ச் சேரவிருக்கும், நாம் காணாத சேகரிப்பாளர் ஒருவரின் அலுமாரி. பண்டைய பூச்சாடிகளையும் பீங்கான் கலங்களையும் சிற்றுருவங்களையும் சேகரிப்போரின் ரசனை இன்று உலகெங்கும் பெரும் வணிகமாகவும், தனக்கென ஓர் எழுத்துத் துறையை உடையதாகவும் வளர்ந்திருக்கிறது. அந்த ரசனையை விமர்சன நோக்கில் எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். "இந்தப் பணக்காரப் பொழுதுபோக்கு நமக்கெதற்கு?" என்று கேட்கும் நண்பர்களுக்கும் இதிலே ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

சேகரிப்பாளருக்காக எழுதப்படும் நூல்களையும் ஏல விற்பனைப் பட்டியல்களையும் படிப்போர் அவற்றின் பொதுவான நடை ஒன்றை எளிதில் இனங்காணலாம். ஒரு சாடி எந்த அரச வமிசக் காலத்தது, எந்தச் சூளையில் வெந்தது, அடியில் என்ன முத்திரை உண்டு, கழுத்தில் மயிரிழைக் கீறல் இருக்கிறதா, முன்னர் எவரெவரிடம் இருந்தது என்பனவெல்லாம் மிக நுணுக்கமாகச் சொல்லப்படும். ஒரு செல்வர் கையிலிருந்து மற்றொரு செல்வர் கைக்கு அது மாறிய கதை, அரச பரம்பரையின் வமிசாவளி போல எழுதப்படும். ஆனால் அதை வனைந்தவர் யார், தீட்டியவர் யார், அவர்கள் பெற்ற கூலி என்ன, அதிலே உண்டவர் யார் என்ற கேள்விகளுக்கு அப்பட்டியல்களில் இடமில்லை. உடைமையின் வரலாறு ஒன்றே கலத்தின் வரலாறாகக் கொள்ளப்படுகிறது. இது தற்செயலான மறதி அன்று. வினாக்களை இவ்வாறு வரையறுத்துக்கொண்டால்தான் விலை நிற்கும்.

சேகரிப்பாளரால் விளைந்த நன்மையை நாம் மறைக்க வேண்டியதில்லை. இலண்டனிலுள்ள பிரித்தானிய நூதனசாலையில் டேவிட் சாடிகள் எனப்படும் நீல வெள்ளைச் சாடிகள் இரண்டு இருக்கின்றன. அவற்றின் கழுத்தில் 1351ஆம் ஆண்டைக் குறிக்கும் எழுத்துப் பொறிப்பு உண்டு. பேர்சிவல் டேவிட் என்ற சேகரிப்பாளர் அவை இரண்டையும் தேடி ஒன்றுசேர்த்ததனாலேயே, சீன நீல வெள்ளைப் பீங்கான் 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் முதிர்ந்த கலையாகிவிட்டது என்பதற்கு அசைக்க முடியாத சான்று கிடைத்தது. இந்த உழைப்பை மதிக்கத்தான் வேண்டும். ஆயினும் அந்தப் பொறிப்பிலே இருப்பது என்ன? சாடிகளைக் கோயிலுக்குக் காணிக்கையாகக் கொடுத்தவரின் பெயர் இருக்கிறது, கொடுத்த காலம் இருக்கிறது, வேண்டுதல் இருக்கிறது. அச்சாடிகளை ஆக்கியவர்களுள் ஒருவர் பெயரும் இல்லை. இன்று அவை வாங்கியவரின் பெயரால் வழங்குகின்றன. கொடுத்தவரும் வாங்கியவரும் வரலாற்றில் நின்றார்கள். செய்தவர்கள் வெளியே நிற்கிறார்கள்.

அவ்வாறு வெளியே நிற்போர் எத்தனை பேர்? சீன நாட்டின் சிங்தெசென் நகரம் நூற்றாண்டுக் கணக்காக அரண்மனைக்கும் உலகச் சந்தைக்கும் பீங்கான் செய்து கொடுத்த நகரம். 1637இல் வெளிவந்த சீனத் தொழில்நுட்ப நூலொன்று, ஒரு கிண்ணம் முழுமையடையுமுன் 72 கைகளைக் கடந்து வருகிறது என்று கணக்கிடுகிறது. 1712இலும் 1722இலும் அப்பகுதியிலிருந்து தம் நாட்டுக்குக் கடிதம் எழுதிய தந்திரகோல் என்ற பிரெஞ்சுப் பாதிரியாரும், ஒரு கலம் ஏறத்தாழ 70 தொழிலாளரின் கைப்படுகிறது என்கிறார். ஒருவர் விளிம்புக் கோட்டை மட்டும் இடுவார். ஒருவர் பூவின் வரைகோட்டை இழுப்பார். மற்றொருவர் அதற்கு நிறமூட்டுவார். மலையும் நீரும் ஒருவருக்கு, பறவையும் விலங்கும் இன்னொருவருக்கு. தனியொரு மேதையின் கனவு என்று நாம் வியந்து நிற்கும் சாடி, உண்மையில் கூட்டுழைப்பின் படைப்பு.

அந்நகரிலே தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் கதை ஒன்று உண்டு. 1599ஆம் ஆண்டளவில், மிங் பேரரசனின் அதிகாரி ஒருவன் அரண்மனைக்காகப் பெரிய மீன்தொட்டிகளைச் செய்துதருமாறு தொழிலாளரை வருத்தினான். சூளையிலே தொட்டிகள் வெடித்துக்கொண்டே இருந்தன. தண்டனையும் பட்டினியும் பெருகின. தொங் பின் என்ற சூளைத் தொழிலாளி, தன் தோழர்களின் துயர் பொறாது எரியும் சூளையில் பாய்ந்து உயிர்விட்டான் என்றும், மறுநாள் தொட்டி பழுதின்றி வெளிவந்தது என்றும் அக்கதை சொல்கிறது. பிற்காலத் தொழிலாளர் அவனைக் காற்றுக்கும் நெருப்புக்கும் அதிபதியாக்கி வழிபட்டனர். கதையில் எவ்வளவு உண்மை, எவ்வளவு கற்பனை என்பது வேறு ஆராய்ச்சி. சேகரிப்பாளரின் பட்டியலில் சக்கரவர்த்தியின் ஆட்சிப் பெயர் இருக்கும். தொழிலாளரின் நினைவிலோ எரிந்து போனவனின் பெயர் இருக்கிறது. ஒரே கலத்திற்கு இரண்டு வரலாறுகள் உண்டு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

ஐரோப்பாவுக்குச் சென்றால் கணக்கு இன்னும் அப்பட்டமாகிறது. 1717இல் சாக்சனியை ஆண்ட அகஸ்தஸ், பிரஷ்ய மன்னனிடமிருந்து 151 சீனப் பீங்கான் கலங்களைப் பெற்றுக்கொண்டு, ஈடாக 600 குதிரைப்படை வீரரைக் கொடுத்தான். கலம் ஒன்றுக்கு ஏறத்தாழ நான்கு மனிதர்! அவற்றுள் மூடியிட்ட பெருஞ்சாடிகள் அந்தப் படைவீரரின் பெயராலேயே 'திரகூன் சாடிகள்' என்று இன்றும் அழைக்கப்படுகின்றன. அகஸ்தஸ்தான் பீங்கானின் இரகசியத்தைக் கண்டறியுமாறு பெற்கர் என்ற இளைஞனைப் பல ஆண்டுகள் சிறைக் காவலில் வைத்து வேலை வாங்கியவன். 1710இல் மைசன் நகரில் ஐரோப்பாவின் முதலாவது வன்பீங்கான் தொழிற்சாலை எழுந்தது. பெற்கர் 1719இல் தன் 37ஆவது வயதில் இறந்தான். மைசன் கலங்களின் அடியிலே காணும் குறுக்கு வாள் முத்திரையைச் சேகரிப்பாளர் தூய்மைக்குச் சான்றாகக் கொள்கின்றனர். வாள் முத்திரை பொருத்தமானதுதான்.

மைசன் தொழிற்சாலை புகழ்பெற்றது பூச்சாடிகளால் மட்டுமன்று, சிற்றுருவங்களாலும். இன்று கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் இவ்வுருவங்கள், முதலிலே பிரபுக்களின் விருந்தின் முடிவில் இனிப்புப் பரிமாறும் மேசையை அலங்கரிக்கச் செய்யப்பட்டவை. அதற்கு முன் சர்க்கரையால் வடித்த பொம்மைகள் வகித்த இடத்தை அவை பிடித்தன. இடைச்சிகள், தெருவிலே கூவி விற்போர், சுரங்கத் தொழிலாளர், தூர தேசத்து மக்கள் என்று உழைக்கும் மனிதரெல்லாம் அங்கே விரல் நீளப் பொம்மைகளாயினர். ஏழையின் வறுமையும் அங்கே ஒப்பனைக்குரிய நிறமாகிவிட்டது. 1750ஆம் ஆண்டளவில் பிரீட்ரிக் எலியாஸ் மையர் என்ற சிற்பி அங்கு வடித்த ஓர் இணை, இசைக்கருவி ஏந்திய 'மலபாரி' ஆணும் பெண்ணும். 'மூர்' எனப் பெயரிட்ட கருநிற மாந்தரின் உருவங்களும் அத்தொழிற்சாலையில் பலவாக உருவாயின.

இவ்விரு பெயர்களையும் இலங்கைக் கரையிலிருந்து படிப்போர் எளிதில் கடந்து போக முடியாது. ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் நெடுங்காலம் இந்நாட்டுத் தமிழரை 'மலபாரிகள்' என்றே எழுதினர். போர்த்துக்கேயர் இட்ட பெயரின் வழியிலேயே சோனகர் இன்றும் அரச ஏடுகளில் 'மூர்' எனப் பதியப்படுகின்றனர். நம்மை ஒருபோதும் கண்டிராத கைகள், யாருடைய முகமும் அல்லாத முகங்களைச் செய்து அதே பெயர்களைச் சூட்டின. அந்தப் பொம்மைகள் இனிப்பு மேசையில் நின்ற அதே ஆண்டுகளில், நம் தீவின் கரைகளிலே ஒல்லாந்தக் கம்பனி கறுவாப்பட்டை உரிப்போரைக் கட்டாய ஊழியத்தில் வைத்திருந்தது. பொம்மையின் சிரிப்பை மட்டும் ரசிப்பவருக்கு இத்தொடர்பு தெரியாது. அதைத் தெரியப்படுத்துவது விமர்சகரின் கடமை.

கைத்தொழிற் புரட்சி வந்து பீங்கான் மலிந்தபோது தொழிலாளியின் நிலை மாறியதா? இங்கிலாந்தின் ஸ்டபோர்ட்ஷயர் மாவட்டத்திலே உருவான தட்டுகளும் சிற்றுருவங்களும் இன்று சேகரிப்பாளரால் பெரிதும் விரும்பப்படுகின்றன. அங்குள்ள மட்பாண்டத் தொழிற்சாலைகளில் சிறுவர் நிலைபற்றி 1863இல் வெளியான அரசாங்க ஆணைக்குழுவின் அறிக்கையைக் கார்ல் மார்க்ஸ் தமது 'மூலதனம்' முதற் பாகத்தில் எடுத்தாள்கிறார். வில்லியம் வூட் என்ற ஒன்பது வயதுச் சிறுவன், ஏழு வயதும் பத்து மாதமும் ஆனபோது வேலைக்கு வந்தவன். வார்த்த கலத்தை அச்சோடு உலர்த்தும் அறைக்குச் சுமந்து சென்று, வெற்று அச்சைத் திருப்பிக் கொண்டுவருவது அவன் வேலை. காலை ஆறு மணிக்கு வந்து இரவு ஒன்பது மணியளவில் வீடு திரும்பினான். அம்மாவட்ட மருத்துவரோ, குயவர்கள் வளர்ச்சி குன்றியோராகவும் நெஞ்சு நோயுற்றோராகவும் விரைவில் முதுமையடைவோராகவும் இருப்பதைச் சாட்சியமாக அளித்தார். ஸ்டபோர்ட்ஷயர் கலத்தின் அடியிலே உற்பத்தி நிறுவனத்தின் முத்திரை இருக்கும். அச்சுச் சுமந்த சிறுவனின் பெயரை அறிய 'மூலதனம்' படிக்க வேண்டியிருக்கிறது.

செய்தவரை மறந்த ரசனை, சுமந்து சென்றவரை மட்டும் நினைக்குமா? கந்தோனிலிருந்து புறப்பட்ட கெல்டர்மால்சன் என்ற ஒல்லாந்தக் கம்பனிக் கப்பல் 1752 சனவரியில் தென்சீனக் கடலில் பாறையில் மோதி மூழ்கியது. கப்பலில் இருந்த 112 பேரில் 80 பேர் மாண்டனர். அதன் முதன்மைச் சரக்கு தேயிலை. ஈரம் பட்டாலும் கெடாத பீங்கான், தேயிலைக்கு அடியிலே பாரமாக அடுக்கப்பட்டிருந்தது. 1985இல் அந்தப் பீங்கானை மேலே எடுத்தவர்கள், கப்பலை முறைப்படி ஆராயாமலே சரக்கை அள்ளினார்கள். மறு ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் நடந்த ஏலத்தில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட கலங்கள் பெருந்தொகைக்கு விற்பனையாயின. அன்று கப்பலின் அடியில் கிடந்த சில்லறைச் சரக்கு இன்று புதையல். எண்பது மனிதரின் சாவு அதன் விலையைக் கூட்டும் சுவையான கதை!

2014இல் கொங்கொங் ஏலத்தில் மிங் காலத்து ஒரு சிறு மதுக்கிண்ணம் ஏறத்தாழ மூன்று கோடியே அறுபது இலட்சம் அமெரிக்க டொலருக்கு விலைபோயிற்று. சேவலும் கோழியும் குஞ்சுகளும் தீட்டிய உள்ளங்கையளவு கிண்ணம் அது. வாங்கிய சீனக் கோடீசுவரர் அதிலே தேநீர் ஊற்றிக் குடித்தார். உடனே பெரும் கண்டனம் எழுந்தது. கிண்ணம் ஒன்றுக்கு அவ்வளவு பணம் கொடுக்கப்பட்டது பலருக்கு அதிர்ச்சியாகப் படவில்லை. கிண்ணத்திலே குடித்ததுதான் அதிர்ச்சியாகப்பட்டது. சேகரிப்பாளர் ரசனையின் தர்க்கம் இங்கே முழுமை பெறுகிறது. குடிக்கச் செய்த கலத்தில் குடிப்பது குற்றமாகிறது. நம் அயல் வீட்டு அலுமாரியும் இத்தர்க்கத்துக்கு உட்பட்டதே, விலைதான் வேறு.

இதுவரை சொன்னதைக் கேட்கும் முற்போக்கு நண்பர் சிலர், "அப்படியானால் நாம் முன்பே சொன்னது சரிதானே? பூச்சாடியும் பொம்மையும் சுரண்டும் வர்க்கத்தின் ஆடம்பரம், அவற்றைப் பற்றிப் பேசுவதே வீண்" என்று முடித்துவிடக்கூடும். இந்த முடிவும் பிழையானது என்பதை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். சாடியின் வளைவிலே இருக்கும் அழகு அதை வாங்கிய பிரபுவின் அழகன்று. வனைந்த கையின் அழகு. அதை 'பிரபுத்துவ அழகு' என்று ஒதுக்கித் தள்ளும்போது, உழைப்பாளி படைத்ததை நாமே பிரபுவுக்குப் பட்டயம் எழுதிக் கொடுக்கிறோம். சேகரிப்பாளர் உழைப்பை மறைத்து அழகை எடுத்துக்கொள்கிறார். நம் நண்பர் உழைப்பைப் பேசி அழகை விட்டுக்கொடுக்கிறார். இருவரும் சேர்ந்து தொழிலாளியை முழுமையாக இழக்கச் செய்கின்றனர். 72 கைகள் கூடி ஒரு கிண்ணத்தின் விளிம்பை அத்தனை மெல்லியதாக்கியது மனித ஆற்றலின் வெற்றி. அந்த வெற்றியில் உலகின் உழைக்கும் மக்கள் அனைவருக்கும் பங்குண்டு. மருதமுனைத் தறியில் நெய்த சாரத்தின் கரையை வியப்போர், கந்தூரிப் பந்தலின் அலங்காரத்தை ரசிப்போர் இதை எளிதில் உணர்வர்.

மேலும், பீங்கான் நமக்கு அந்நியமான பொருளுமன்று. அந்தச் சொல்லையே பாருங்கள். பாரசீகத்தில் 'பிங்கான்' என்றால் கிண்ணம். அரபியில் அது 'பின்ஜான்' ஆயிற்று. மலாய் மொழியில் 'பிங்கான்' தட்டைக் குறிக்கிறது. நம் வீடுகளில் சோறு உண்ணும் தட்டுக்கே பீங்கான் என்று பெயர். வணிகரும் மாலுமிகளும் பல துறைமுகங்களில் உச்சரித்து உச்சரித்து நம்மிடம் கொண்டுவந்து சேர்த்த சொல் இது. பொருளின் வரலாறும் அப்படியே. 9ஆம் நூற்றாண்டில் பஸ்றா நகரக் குயவர்கள் சீன வெண்கலத்தைக் கண்டு, அதேபோன்ற வெண்மை வேண்டி வெள்ளீயப் பூச்சைக் கையாண்டு, அதன் மேலே கோபாற்று நீலத்தால் எழுதினர். பின்னர் சீனக் குயவர்கள் பாரசீகத்திலிருந்து அந்த நீலத்தைத் தருவித்துத் தம் வெண்பீங்கானில் தீட்டினர்; சீன மொழியிலே அதற்கு 'முஸ்லிம் நீலம்' என்ற பொருளில் ஒரு பெயரும் வழங்கியது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிங்தெசென் பீங்கானிலே அரபு எழுத்துகளும் பொறிக்கப்பட்டன. ஒருவர் வெண்மையை மற்றவர் விரும்ப, மற்றவர் நீலத்தை இவர் விரும்பப் பிறந்தது நீல வெள்ளைப் பீங்கான். எந்த ஒரு நாடும் தனக்கே உரியதென்று அதைப் பூட்டி வைக்க முடியாது.

அந்தக் கடல்வழியில் நம் தீவும் இருந்தது. மாதோட்டத்து அகழ்வுகளில் சீனக் கலத்துண்டுகளும் மேற்காசிய மெருகூட்டிய ஓடுகளும் ஒருங்கே கிடைத்தன. யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் அல்லைப்பிட்டியிலே சொங் காலத்துச் சீனக் கலங்கள் குவியலாகக் கண்டெடுக்கப்பட்டன. 1409ஆம் ஆண்டிட்டு, சீனத் தளபதி செங் ஹே கொண்டுவந்த கல்வெட்டு காலியிலே 1911இல் ஒரு வடிகாலின் மூடுகல்லாகக் கிடந்து அகப்பட்டது. இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் உள்ளது. சீனத்தில் புத்தரையும், தமிழில் தேனாவரை நாயனாரையும், பாரசீகத்தில் அல்லாஹ்வையும் போற்றி, பொன், வெள்ளி, பட்டு, தூபக்கலம், பூச்சாடி, விளக்கு எனக் காணிக்கைகளை அது அடுக்குகிறது. இதை இலட்சிய உலகின் சான்றாகக் கொள்வதும் தவறு. அதே செங் ஹே சில ஆண்டுகளுள் அழகக்கோனாரோடு போர் செய்து அவரைச் சிறைப்பிடித்துச் சென்றான். பூச்சாடி கொடுத்த கையே வாளும் பிடித்தது. ஆனால் மன்னரின் காணிக்கைக்கும் போருக்கும் அப்பால், சாதாரண மாலுமியும் குயவரும் கடைக்காரரும் ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கிய பண்பாடு ஒன்று இக்கரைகளில் ஊன்றியது. அதன் எச்சமே நம் வீட்டுச் சஹன்.

அரபியில் 'சஹ்ன்' என்ற சொல் பெருந்தட்டைக் குறிக்கும். பள்ளிவாசலின் திறந்த முற்றத்தையும் குறிக்கும். சஹனைச் சுற்றி ஐவரோ அறுவரோ அமர்வர். கடலுக்குப் போய் வந்தவரும் காணிச் சொந்தக்காரரும், ஆசிரியரும் அவர் மாணவரின் தகப்பனும், ஒரே சோற்றில் கைவைப்பர். வர்க்க வேறுபாடு இதனால் அழிந்துவிடுவதில்லை. எழுந்து கை கழுவியதும் காணி காணிக்காரரிடமே இருக்கும். எனினும் மனிதர் ஒருவரோடொருவர் எப்படி இருக்க வேண்டும் என்பதை அந்த வட்டம் ஒரு பொழுதாவது நினைவூட்டுகிறது. சஹனின் அழகு இதுதான்: அதன் பூவேலை சோற்றுக்கு அடியிலே மறைந்திருக்கும், அனைவரும் உண்டு முடித்த பின்னரே வெளிப்படும்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் நான் பள்ளி மாணவன். இலங்கையிலே அதிக உயிர்களைக் கடல் கொண்டது அம்பாறை மாவட்டத்தில்தான். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாட்கள் சில கழிந்து கரையோரம் திரும்பியபோது, மணல் எங்கும் பீங்கான் துண்டுகள் கிடந்தன. ஒரு பெண் ஒரு துண்டை எடுத்து அதன் விளிம்புப் பூவைப் பார்த்து, "இது ராத்தா வீட்டுச் சஹன்" என்றார். அந்த வீட்டில் எவரும் எஞ்சியிருக்கவில்லை. உண்டவர்களால் அடையாளம் காணப்படும் கலம் எவ்வளவு உயர்ந்தது என்பதை அன்று நான் கண்டேன். ஆண்டுகள் கழித்து ஏலப் பட்டியல்களைப் படித்தபோது அவை எனக்கு மங்கலாகத் தெரிந்ததற்கு அதுவே காரணம். அவற்றில் நுணுக்கம் குறையவில்லை, மனிதர்தாம் குறைந்திருந்தனர்.

எனவே செய்ய வேண்டியது என்ன? 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டமும் 1988ஆம் ஆண்டின் கலாசாரச் சொத்துகள் சட்டமும் அரும்பொருள்கள் அனுமதியின்றி நாட்டைவிட்டுப் போவதைத் தடுக்கின்றன. ஆனால் நம் வீடுகளில் எஞ்சியிருக்கும் சஹன்கள் எல்லாம் மிங் காலத்துப் புதையல்கள் அல்ல. அவற்றுட் பல, தொழிற்சாலையிலே ஆயிரக்கணக்கில் வெளிவந்த சாதாரணப் பண்டங்களாகவே இருக்கும். சட்டம் காக்காத இவற்றைக் காக்க வேண்டியது நம் அறிவு. ஆசிரியர்கள் இதை வகுப்பறையிலிருந்தே தொடங்கலாம். ஒவ்வொரு மாணவரும் தன் வீட்டுப் பழைய கலம் ஒன்றைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வரட்டும்: யார் வாங்கியது, எந்த உழைப்பின் காசில் வாங்கியது, எந்தக் கல்யாணத்தில் எந்தக் கந்தூரியில் பரிமாறப்பட்டது, யார் யார் உண்டனர். ஊர் நூலகத்தில் ஒரு மூலையிலேனும் அந்தப் பக்கங்கள் சேரட்டும். ஏலப் பட்டியலுக்கு மாற்றான பட்டியல் அதுவே ஆகும்.

அலுமாரியின் கதை இன்னும் முடியவில்லை. அந்தத் தாயைக் குறைகூறுவது எளிது. ஆனால் அந்தக் கோப்பைகளை அவர் வாங்கியது ஆசையால் மட்டுமன்று. பெண் கொடுக்கும் வீட்டின் மண்டபத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் கண்கள் ஊரெங்கும் உள்ளன. உண்மையைச் சொன்னால், அன்று அவ்வீட்டு வாசலைத் தாண்டியதும் நான் முதலிலே பார்த்ததும் அந்த அலுமாரியைத்தான். அவர் முகத்தை அதற்குப் பின்னரே பார்த்தேன். சீதனத்தை மேடையில் எதிர்த்துப் பேசும் நாமே, மண்டபத்தில் ஏல வியாபாரியின் கண்ணோடு நுழைகிறோம். சேகரிப்பாளர் ரசனை எங்கோ இலண்டனிலும் கொங்கொங்கிலும் மட்டும் இருப்பதன்று.

கலத்தைக் கண்டதும் அதன் விலையைக் கேளாமல், செய்த கையையும் உண்ட கையையும் கேட்கப் பழகுவோமாக. அந்தப் பழக்கம் ஊரிலே வேரூன்றினால், எந்தத் தாயும் பீங்கான் வாங்கிப் பூட்டி வைப்பதற்காகப் பிறர் வீட்டுப் பீங்கான் கழுவக் கடல் கடக்க வேண்டியிராது. அப்போது பொன் விளிம்பிட்ட கோப்பையிலும் நாம் தேநீர் குடிக்கலாம். அழகான கோப்பையில் குடிக்க உழைப்பவருக்கு இல்லாத உரிமை வேறு யாருக்கு உண்டு?